கத்தி படும் முன்

எங்கள் ஊரில் ‘பனியன் கம்பெனி’ என்றால் அது உள்ளாடை செய்யும் இடம் மட்டுமன்று. டி-சட்டை, இரவு உடை, குழந்தைச் சட்டை என எது தைத்தாலும் அதற்குப் பனியன் கம்பெனி என்றே பெயர். திருப்பூரில் பிறந்த எனக்குத் தையல் எந்திரத்தின் ஓசை தாலாட்டைப் போலப் பழகிய ஒன்று. ஆயினும், தைப்பதற்கு முன்னரே துணியை ஒருவர் கண்கொண்டு பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், அதற்கென்று ஒரு கணக்கு முறை உண்டு என்பதும் 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில்தான் எனக்குத் தெரியவந்தன. அவ்விடுமுறையில் ஒரு கம்பெனியின் துணிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கற்றதையும், செய்த பிழை ஒன்றையும் இம்மலரில் எழுத விரும்புகிறேன்.

என் அம்மா அதே கம்பெனியில் செக்கிங் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்பவர். தைத்து முடிந்த சட்டையைத் திருப்பிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் முதலியவற்றைக் கண்டுபிடிப்பது அவர் பணி. “துணியிலயே இருந்த ஓட்டைங்க இது. வெட்டறதுக்கு முன்னாலயே பாத்திருந்தா இத்தன பேரு கை படாம இருந்திருக்கும்” என்று அவர் சொல்வதை வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். வணிகவியல் மாணவன் என்ற முறையில் அவர் கூற்றின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. ஒரு சட்டையின் அடக்க விலையில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. உருளையில் இருக்கும் ஓட்டை வெறும் ஓட்டைதான். அது வெட்டப்பட்டு, கழுத்துப்பட்டி வைத்து, கை இணைத்து, ஓரம் மடித்துத் தைக்கப்பட்டபின் அந்த ஓட்டையின் விலை ஒரு முழுச் சட்டையின் விலையாகிவிடுகிறது.

பின்னலாடைத் துணி தறியில் நெய்யப்படுவதன்று, வட்ட வடிவமான எந்திரத்தில் பின்னப்படுவது. 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசிகளும் கொண்ட எந்திரத்தில் சுற்றிலும் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒரே ஓர் ஊசி பழுதுபட்டாலும், உருளையின் தொடக்கம் முதல் இறுதி வரை நெடுக்காக ஒரு கோடு விழுந்துவிடும். நூலில் தடிப்பும் மெலிவும் இருந்தாலோ, வேறு ரக நூல் கலந்துவிட்டாலோ கோடு குறுக்காக விழும், ஏனெனில் நூல் சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் நாளே துணிப் பிரிவுப் பெரியவர் எனக்குச் சொன்ன பாடம் இது: “நெடுக்க ஓடுனா ஊசியப் பாரு கண்ணு. குறுக்க ஓடுனா நூலப் பாரு. திட்டுத் திட்டா இருந்தா டையிங்கக் கேளு.” ஆடைத் தொழில்நுட்பப் புத்தகங்களைப் பின்னர் புரட்டியபோது, பல பக்கங்களில் எழுதியிருப்பதை அவர் மூன்று வாக்கியங்களில் அடக்கிவிட்டார் என்று தோன்றியது.

இன்னொரு குறையும் உண்டு. பஞ்சுப் பொதி கட்டிய சாக்கின் பிளாஸ்டிக் நார், பஞ்சோடு கலந்து நூலாகித் துணிக்குள் வந்துவிடும். பருத்திக்கு ஏறும் சாயம் அதற்கு ஏறாது. ஆகவே கருநீலத் துணியில் வெள்ளை மயிர்போல அது தனித்துத் தெரியும். எங்கோ ஒரு களத்து மேட்டில் கிழிந்த சாக்கு, திருப்பூரில் சாயமேறிய பின் தன் முகத்தைக் காட்டுகிறது!

துணியைச் சோதிக்கும் எந்திரம் என்பது சாய்வாக அமைந்த ஒரு கண்ணாடி மேசை. கீழேயும் மேலேயும் விளக்குகள் எரியும். துணி மெல்ல நகர்ந்து வரும். குறை கண்ட இடத்தில் நிறுத்தி, சிறிய ஸ்டிக்கர் ஒட்டி, தாளில் மதிப்பெண் போட வேண்டும். நமக்கெல்லாம் மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி. இங்கே கூடினால் துணி தோற்றுவிடும். இதற்கு நான்கு புள்ளி முறை என்று பெயர். குறையின் நீளம் 3 அங்குலம் வரை இருந்தால் 1 புள்ளி, அதற்கு மேல் 6 அங்குலம் வரை 2, 9 அங்குலம் வரை 3, அதையும் தாண்டினால் 4. ஓட்டை என்றால் சலுகை கிடையாது. 1 அங்குலம் வரை 2 புள்ளி, அதற்கு மேற்பட்டால் 4 புள்ளி. ஒரு கெஜத் துணியில் எத்தனை குறை இருந்தாலும் 4 புள்ளிகளுக்கு மேல் போடுவதில்லை.

இறுதியில் 100 சதுர கெஜத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பார்கள். மொத்தப் புள்ளியை 3,600ஆல் பெருக்கி, கெஜத்தில் உள்ள நீளத்தையும் அங்குலத்தில் உள்ள அகலத்தையும் பெருக்கிவந்த தொகையால் வகுக்க வேண்டும். 50 கெஜ நீளமும் 60 அங்குல அகலமும் உள்ள உருளையில் 36 புள்ளிகள் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். 36 × 3,600 ÷ 3,000 = 43.2. பொதுவாக 40 வரை ஏற்பது வழக்கம், ஆகவே இந்த உருளை தேறாது. (இதைவிடக் கடுமையான வரம்பு வைக்கும் வாங்குநரும் உண்டு.) கணக்கு எளிதுதான். ஆனால் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓடும் துணியைப் பார்த்தால் கண் பூத்துப்போகும், குறை முன்னால் வந்து நின்றாலும் தெரியாது. பெரியவர் அடிக்கடி எழுந்துபோய் வாசலில் நிற்பதை முதலில் நான் சோம்பல் என்றே எண்ணினேன்.

குறைகளைத் தேடுவதோடு சோதனை முடிவதில்லை. எடையும் பார்க்க வேண்டும். வட்டமான வெட்டுக் கருவி ஒன்றினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, சிறு தராசில் வைத்து, வரும் கிராமை 100ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைத்துவிடும். இதையே ஜிஎஸ்எம் என்கிறார்கள். பின்னல் துணி கிலோக் கணக்கில் வாங்கப்படுவதால் இதில் பணம் ஒளிந்திருக்கிறது. 160 ஜிஎஸ்எம் கேட்ட இடத்தில் 170 வந்தால், துணி கனமாக இருக்கிறதே என்று நாம் மகிழ்ந்துபோவோம். ஆனால் 1,000 கிலோவுக்கு 6,250 சதுர மீட்டர் கிடைக்க வேண்டிய இடத்தில் 5,882 சதுர மீட்டர்தான் கிடைக்கும். 368 சதுர மீட்டர் ஓசையில்லாமல் மறைந்துபோயிற்று. சட்டை ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கொண்டாலும் 368 சட்டைகள்!

சுருக்கம் பார்ப்பதும் அவ்வாறே. துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத மையால் வரைந்து, துவைத்துக் காயவைத்து மீண்டும் அளக்க வேண்டும். 50 என்பது 47.5 ஆகியிருந்தால் 5 விழுக்காடு சுருக்கம். பின்னும்போதும் சாயமேற்றும்போதும் இழுபட்ட துணி, தண்ணீரைக் கண்டதும் தன் பழைய உருவத்துக்குத் திரும்ப முயல்கிறது. இதனால்தான் உருளையைப் பிரித்து, வெட்டுவதற்கு முன் ஒரு நாளேனும் தளர்வாகக் கிடக்கவிடுகிறார்கள். லைக்ரா கலந்த துணிக்கு இது இன்றியமையாதது. அவசரத்தில் இந்த ஒரு நாளைத்தான் முதலில் திருடுவார்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஒரு நாள் மாலை கருநீலத் துணி வந்தது. ஓட்டை, கறை எதுவும் இல்லாத நல்ல துணி. உருளை அட்டைகளில் இரண்டு சாய லாட் எண்கள் இருந்தன. அதாவது, ஒரே நிறந்தான், ஆனால் இரண்டு முறை தனித்தனியே சாயமேற்றியது. இரண்டு துண்டுகளைக் குழல்விளக்கின் கீழ்ச் சேர்த்துப் பார்த்தேன், வேற்றுமை தெரியவில்லை. ஆனால் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் வேறொரு விளக்கில் பிரிந்து தெரிவதுண்டு. அதற்காகவே பகல் வெளிச்சத்துக்கு ஒப்பான, 6,500 கெல்வின் அளவுள்ள விளக்கு பொருத்திய பெட்டி ஒன்று மாடி அலுவலகத்தில் இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியும் இருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் காத்திருந்தார், நான் மாடி ஏறவில்லை. இரு லாட்டையும் ஒன்றாக அடுக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஒரே உருளையிலிருந்து உடலும் கையும் வெட்டியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். ஆனால் குழாய்வடிவத் துணியில் உடலுக்கு ஓர் அகலம், கைக்கு வேறோர் அகலம் என்று தனித்தனி உருளைகள். உடல் ஒரு லாட்டிலும் கை மற்றொரு லாட்டிலும் அமைந்துவிட்டன.

நான்கு நாள் கழித்துச் செக்கிங் மேசையில் அதை முதலில் கண்டவர் என் அம்மாதான். ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனார். நான் அப்போது அவ்வழியே போய்க்கொண்டிருந்தேன். “பாரு சாமி, ஒடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். எவன் பாத்த துணியோ” என்றார். எனக்கு வாய் எழவில்லை.

412 சட்டைகள் ஒதுக்கப்பட்டன. அன்றிரவு செக்கிங் பெண்கள் அனைவரும் ஒன்பது மணி வரை இருந்து பிரித்தார்கள். அவை காதர்பேட்டை வியாபாரி ஒருவருக்குச் செகண்ட்ஸ் விலையில் போகும் என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை மேலாளர், சாயமேற்றித் தந்த பட்டறைக்கு டெபிட் நோட் போடச் சொன்னார். நட்டத்தை அவர்கள் கூலியில் கழிப்பதற்கான சீட்டு அது. பாடப்புத்தகத்தில் பற்றுக்குறிப்பு என்று மனப்பாடம் செய்த ஒன்றை அன்றுதான் தாளில் கண்டேன். அப்பட்டறையோ தன் உருளைகளில் லாட் எண்ணைத் தெளிவாக எழுதி அனுப்பியிருந்தது. பிரிக்காமல் கலந்தவன் நான்.

துணிப் பெரியவரிடம் முதலில் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் உருளை அட்டைகளை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். மேலாளர் அட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டெபிட் நோட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார். “மாடி ஏறறதுக்கு எத்தன படிப்பா?” என்று மட்டும் கேட்டார். பதினாறு படிகள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அவர் சோற்றைப் போட்டுவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். “பாத்தன்னைக்கே தெரிஞ்சிருந்தா எவனோன்னு சொல்லியிருக்க மாட்டேன்” என்றார்.

சனிக்கிழமைச் சம்பளக் கவரில் பணம் குறைந்திருக்கவில்லை. திங்கட்கிழமை நான் போனபோது விளக்குப் பெட்டி மாடியிலிருந்து இறங்கி, சோதனை மேசைக்கு அருகில் வந்திருந்தது. பெரியவர் ஒவ்வோர் உருளையிலிருந்தும் ஒரு சாண் துண்டு வெட்டி, வரிசையாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். கத்திரியை என்னிடம் நீட்டி, “மிச்ச ரோலுக்கு நீ வெட்டு” என்றார்.