பழைய ஸ்கூட்டருக்குப் புதுப் பெயின்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1972-இல் வந்த பஜாஜ் சேத்தக், பின்னால் வந்த எல்எம்எல் வெஸ்பா ஆகிய ஸ்கூட்டர்களில் தனியாக சேஸிஸ் கிடையாது. மடித்து வெல்டு செய்த இரும்புத் தகடே வண்டியைத் தாங்குகிறது. ஆகவே அவற்றில் பிடிக்கும் துரு அழகோடு நிற்பதில்லை, பலத்திலும் கைவைக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெயின்ட் அடித்த வண்டியில் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பினால், பெயின்ட்டைத் திட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

நம்பிக்கை: துருவின் மேல் கெட்டியாக இரண்டு கோட் அடித்தால் அடங்கிவிடும்.

உண்மை: துரு முழுக்க நுண்துளைகள், ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்திருக்கும். பெயின்ட் படலமும் ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். அரித்த இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் கேட்பதால் மேல்படலம் உப்பி வெடிக்கிறது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் கரும்புள்ளிகள் தெரிந்தால் வேலை இன்னும் பாக்கி.

நம்பிக்கை: ரெட் ஆக்சைடு துருவைக் கொன்றுவிடும்.

உண்மை: அதன் செந்நிறமே இரும்பு ஆக்சைடுதான். துருவை அழிக்கும் சக்தி அதற்கு இல்லை. சுத்தமான இரும்புக்கும் மேல்பெயின்ட்டுக்கும் நடுவில் நிற்கும் அடிப்பூச்சு, அவ்வளவே. மேல்பூச்சு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் ஈரம் உள்ளே இறங்கும். ஜன்னல் கம்பிக்கு அது போதும். மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு, இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமர் நல்லது. தேய்த்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓர் இரவு போதும், வெறும் இரும்பு பழுப்பேறிவிடும்.

நம்பிக்கை: ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினால் தேய்க்கவே வேண்டாம்.

உண்மை: பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த இந்தத் திரவம், தான் தொடுகிற துருவை மட்டும் கருநிறச் சேர்மமாக மாற்றும். செதில் செதிலாக நிற்கும் துருவின் அடிவரை அது போகாது. குழிகளில் மிஞ்சிய மெல்லிய துருவுக்குத்தான் அது மருந்து.

நம்பிக்கை: ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துவிடலாம்.

உண்மை: பட்டி என்பது பிசினில் கலந்த டால்க் மாவு. நெளிவைச் சமப்படுத்தத்தான் அது, பாரம் தாங்காது. ஓட்டைக்குப் பின்பக்கத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி, வண்டியின் அதிர்வில் விரிசல் விடும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு அமுங்கினால் அந்த இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு செய்வதுதான் வழி.

நம்பிக்கை: வெளியே தெரிகிற இடம் சரியானால் போதும்.

உண்மை: துரு பெரும்பாலும் தெரியாத பக்கத்தில்தான் தொடங்குகிறது. கால் வைக்கும் தளத்தில் ரப்பர் பதித்த அலுமினியப் பட்டைகள் இருக்கும். ஒன்றைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடியும் பழுப்புத் தூளும் கலந்து கிடக்கும்: அலுமினியம் அரித்தது வெள்ளை, இரும்பு அரித்தது பழுப்பு. தேங்கிய மழைநீர் இரண்டையும் தின்றிருக்கிறது. பட்டையைக் கழற்றாமல் சுற்றி டேப் ஒட்டி அடிக்கிற பெயின்ட், அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். தளத்தின் அடிப்பக்கத்தையும் இதே போலச் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீர் வடியும் துளைகளைப் பெயின்ட்டாலோ பட்டியாலோ அடைத்துவிடக் கூடாது.

நம்பிக்கை: மிச்சப் பெயின்ட்டைச் சைலன்சருக்கு அடிக்கலாம்.

உண்மை: சாதாரண எனாமல் அந்தச் சூட்டில் கருகி உரியும். சிலிக்கோன் பிசின் கலந்த, சூடு தாங்கும் பெயின்ட் வேண்டும். எஞ்சினை ஓட்டிச் சூடேற்றிய பிறகுதான் அதுவும் இறுகும்.

பெயின்ட்டரிடம் பேசும்போது எந்தக் கம்பெனிப் பெயின்ட் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். பட்டைகளைக் கழற்றுவாரா, எதுவரை தேய்ப்பார் என்பது முதல் கேள்வி. பிரைமர் அடிப்பதற்கு முன் வண்டியை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். கலர் ஏறிய பிறகு நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே மாதிரிதான் பளபளக்கும்.