செலவும் குறையும், கிணறும் பிழைக்கும்

வீட்டுத்தோட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உடுவிலில் வளவோடு ஒரு வீடு இருந்தால் கிணற்றடியில் வாழை, வேலியோரத்தில் முருங்கை, கோடியில் ஒரு தேசி மரம் என்று ஏதாவது நின்றே தீரும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா யாழ் குடாநாட்டுக்கு வரமுடியாத பொருளாக இருந்தபோதும் இந்த வளவுகள்தான் கறிச்சட்டிக்குக் கைகொடுத்தன. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அது விலக்கப்பட்டது. அதற்குப் பின்னால் வந்த நெருக்கடியில், 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்ததும் அந்த ஆண்டில்தான்.

வீட்டுத்தோட்டத்தின் அருமையை உடுவிலாருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் கையில் காசு குறைவாக இருக்கும்போது, கேட்டதையெல்லாம் நம்பிச் செலவழிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. உடுவில் அடங்கும் வலிகாமத்தின் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழை செம்மண்ணூடாக அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் இறைக்கிறோம், அதைத்தான் குடிக்கிறோம். பாத்தியில் வீணாகக் கொட்டுவது எதுவானாலும் அடுத்த மாரியோடு கிணற்றுக்கு வந்து சேரும். ஆகவே இங்கே செலவைக் குறைப்பதும் தண்ணீரைக் காப்பதும் ஒரே வேலை. கீழே வரும் நம்பிக்கைகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும்.

நம்பிக்கை 1: “காணி இல்லாதவைக்குத் தோட்டம் சரிவராது.”

உண்மை: தோட்டத்துக்கு முதலில் வேண்டியது வெயில். காய்க்கும் பயிர்களுக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று நான்கு மணித்தியாலம் போதும். இடத்தைத் தெரிவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வளவில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மண் ஆழம் கீரைக்கு அரை அடி, மிளகாய், கத்தரி, தக்காளிக்கு ஓரடி. வெறுமையான அரிசிப் பையும் உரப் பையும் அதற்குப் போதும். அடியில் ஓட்டை போட்டு, மேல் மண்ணும் உக்கிய கூட்டுப்பசளையும் சம அளவில் கலந்து, இருந்தால் கொஞ்சம் தும்புத்தூளும் சேர்த்து நிரப்பலாம். கடைச்சாடிக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அந்தப் பைகள் வெயிலில் நாளடைவில் நைந்து இழை இழையாக உதிரும். உதிரத் தொடங்கும் முன்னரே மாற்றிவிடுங்கள்; பிளாஸ்டிக் இழை மண்ணோடு கலந்தால் பொறுக்கி எடுக்க முடியாது.

நம்பிக்கை 2: “வாங்கிற மரக்கறி எல்லாத்தையும் வீட்டிலேயே வைச்சால் காசு மிச்சம்.”

உண்மை: எல்லாவற்றையும் வைத்தால் காசு மிஞ்சாது. உருளைக்கிழங்குக்கு விதைக்கிழங்கே பெரிய செலவு. வெங்காயத்துக்கு இடமும் இறைப்பும் வேண்டும். அறுவடைக் காலத்தில் மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளில் இவை மலியும்போது உங்கள் உழைப்புக்கு விலை இருக்காது. சின்ன வளவுக்கு ஏற்றவை வேறு. அடிக்கடி சிறிது சிறிதாக வாங்குவதும், ஒருமுறை நட்டுப் பலமுறை பறிப்பதும் எதுவோ அதை முதலில் வையுங்கள்: கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, பயற்றை, கத்தரி. மரங்களில் முருங்கை, பப்பாசி, வாழை, தேசி. ஒரு மிளகாய்க் கன்று மாதக்கணக்கில் காய்க்கும். தண்டை ஒடித்து ஊன்றினாலே பொன்னாங்காணி வந்துவிடும்; அயலில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கினால் விதைச்செலவே இல்லை.

மரக்கன்று வைப்பதென்றால் மழை தொடங்கும் ஐப்பசியில் வையுங்கள். வேர் பிடிக்கும் முதல் மூன்று மாதத்துக்கு மழையே தண்ணீர் ஊற்றும்.

நம்பிக்கை 3: “இலை மஞ்சளானால் ஒரு பிடி யூரியா எறி.”

உண்மை: எறிவதற்கு முன் எந்த இலை மஞ்சளாகிறது என்று குனிந்து பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதுமாக வெளிறினால் நைதரசன் குறைவு என்று எண்ணலாம். நுனியிலுள்ள இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு மிகுந்தால் வேரால் அதை எடுக்க முடியாது. அங்கே யூரியா போட்டால் காசுதான் போகும், மஞ்சள் போகாது.

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். செடி எடுத்ததுபோக மிஞ்சுவது நைத்திரேற்றாகி நீரோடு கீழே இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு கிலோ யூரியாவின் நைதரசன் முழுவதும் அப்படி இறங்கினால் ஏறத்தாழ 40,000 லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோக அதுவே போதும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதில் மிகவும் ஆபத்துக்குள்ளாவது அந்த நீரில் கரைத்த மாப்பால் குடிக்கும், ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும்.

“கொதிக்க வைச்சால் எல்லாம் போயிடும்” என்று சொல்வதை இங்கேயே திருத்தவேண்டும். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

நம்பிக்கை 4: “சேதனப் பசளை எவ்வளவு போட்டாலும் பிழையில்லை.”

உண்மை: மாட்டெருவிலும் கோழி எருவிலும் உள்ள நைதரசனும் மண்ணில் நைத்திரேற்றாகத்தான் மாறும். கிணற்றடியில் குவித்து மழையில் நனைய விட்ட எருக்குவியல் யூரியா மூட்டைக்கு ஈடான கேட்டைச் செய்யும். எருவையும் கூட்டுப்பசளைக் குவியலையும் கிணற்றிலிருந்து விலக்கி, மாரியில் மூடி வையுங்கள். பச்சைக் கோழி எருவை நேரே கன்றடியில் போட்டால் வேர் கருகும். உக்கிய பின்னரே போடவேண்டும்.

அளவோடு போட்டால் சேதனப் பசளைக்கு நிகர் இல்லை. அதற்குக் கடைக்கும் போகவேண்டாம். குழை தாழ்ப்பது குடாநாட்டார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. வேலியில் வெட்டும் பூவரசங்குழை, கிளுவை, முற்றத்தில் கூட்டும் சருகு, காய்ந்த பனையோலை எல்லாம் பாத்திக்குள் போகவேண்டியவை. அவற்றைக் குவித்துத் தீ வைப்பது வருங்காலப் பசளையை எரிப்பது. சமையலறைக் கழிவும் பச்சைக் குழையும் ஒரு பங்கு, காய்ந்த சருகும் தும்பும் இரண்டு பங்கு என்று அடுக்கி, ஈரம் காயாமல் வைத்து, கிழமைக்கு ஒருதடவை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த, மண் வாசனையுள்ள கூட்டுப்பசளை கிடைக்கும். நாற்றம் எடுத்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள்.

நம்பிக்கை 5: “சாம்பலும் முட்டைக்கோதும் எந்த மண்ணுக்கும் நல்லது.”

உண்மை: புளிப்பு மண்ணுள்ள மலைநாட்டுக்கு இது பொருந்தும். உடுவிலுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள்: வெள்ளையாக, சுரண்டினாலும் போகாமல் படிந்திருப்பது கிணற்று நீரில் கரைந்துவந்த சுண்ணாம்பு. ஒவ்வொரு இறைப்பிலும் அது பாத்திக்கும் போகிறது. அதற்கு மேல் சாம்பலைக் குவித்தால் மண்ணின் காரத்தன்மை கூடி, முன்பு சொன்ன இரும்புக் குறைவுதான் வரும். சாம்பலில் பொட்டாசியம் உண்டென்பது மெய். அதற்காக இடைக்கிடை ஒரு கைப்பிடியை வாழையடியில் தூவலாம். யூரியாவோடும் பச்சை எருவோடும் கலக்கக்கூடாது. கலந்தால் நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

தக்காளியின் அடி கறுத்து அழுகினால் பலர் முட்டைக்கோதைத் தேடுகிறார்கள். அது காய்க்குக் கல்சியம் போய்ச்சேராத குறை என்பது சரி. ஆனால் இந்த மண்ணில் கல்சியத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விடுவதுதான் காரணம். அளவாக, ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் அடுத்த காய்கள் சுகமாக வரும்.

நம்பிக்கை 6: “தண்ணி எவ்வளவுக்கு விடுறமோ அவ்வளவுக்குக் காய்.”

உண்மை: செம்மண் நீரை விரைவாகக் கீழே விடும். வேர் எட்டும் ஆழத்துக்கு அப்பால் இறங்கும் நீர் பசளையையும் கழுவிக்கொண்டு போகும். பம்புக்குப் போன மின்கட்டணமும் வீண். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலத்தில் ஈரம் தட்டினால் அன்று இறைக்கத் தேவையில்லை. கன்றடியில் சருகையோ வைக்கோலையோ நாலு விரல் தடிப்புக்குப் பரப்பினால் கோடையில் இறைப்பு நன்றாகக் குறையும், புல்லும் கிளம்பாது. குளிக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரைக்கு மட்டும் அது வேண்டாம்.

நடுப்பகலில் தண்ணீர் பட்டால் துளிகள் வில்லைபோல் வெயிலைக் குவித்து இலையைக் கருக்கும் என்பதும் பரவலான பேச்சு. 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்தபோது, வழுவழுப்பான இலைகள் அப்படிக் கருகவில்லை. ஆனாலும் காலையில் விடுவதே நல்லது. மத்தியானம் விடும் நீரில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும்.

நம்பிக்கை 7: “வீட்டு விதை முளைக்காது, பக்கெற் விதைதான் வேணும்.”

உண்மை: பயற்றை, தக்காளி போன்றவை தம் பூவிலேயே மகரந்தச்சேர்க்கை செய்துகொள்பவை. நல்ல செடியைத் தெரிந்து, முதல் காய்களை முற்றவிட்டு, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்தால் அடுத்த போகத்துக்கு விதை தயார். பூசணி தேனீயால் கலப்பது. பக்கத்து வளவுப் பூசணியின் குணமும் வந்து சேரலாம். கலப்பின விதைப் பக்கெற்றில் வளர்ந்த செடியிலிருந்து விதை எடுத்தால் முளைக்கும், ஆனால் தாய்ச்செடியைப் போலவே எல்லாம் வராது. ஆகவே விதைக்காக வைப்பது ஊர் இனமாக இருக்கட்டும். மாவில் கொட்டையை நம்பவேண்டாம். கறுத்தக் கொழும்பானின் சுவை அப்படியே வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான். ஒரு தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது அது.

பப்பாசியில் வேறு சிக்கல். “ஆண் மரத்துக்கு ஆணி அடிச்சால் காய்க்கும்” என்பார்கள். ஆணி மரத்தின் பாலை மாற்றாது. காயத்தால் அழுகல்தான் நுழையும். ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூக்கும்வரை பொறுங்கள். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூ ஆண். தண்டோடு ஒட்டித் தடித்துப் பூப்பது பெண். காய்ப்பதை விட்டு மற்றதை வெட்டிவிடலாம்; பெண் மரங்களே மிஞ்சினால் வளவில் ஓர் ஆண் மரத்தை விட்டுவையுங்கள்.

நம்பிக்கை 8: “மருந்து அடிக்காட்டில் ஒண்டும் மிஞ்சாது.”

உண்மை: நாலு கத்தரியும் ஒரு பாவற்பந்தலும் உள்ள வீட்டில் கண்ணும் கையும் மருந்தைவிட மலிவானவை. கத்தரி நுனி திடீரென்று வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே வெட்டி நசுக்கிவிடுங்கள். குப்பையில் எறிந்தால் அங்கிருந்து திரும்பி வரும். பாவற்பிஞ்சைப் பழைய கடதாசியால் உறைபோட்டுக் கட்டினால் பழ ஈ முட்டையிட முடியாது. இலை தின்னும் பூச்சிக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். பட்டதும் கொல்லும் நஞ்சு அன்று அது. பூச்சியின் தீனியையும் வளர்ச்சியையும் தடுப்பது. வெயிலில் சில நாளில் வலுவிழப்பதால் கிழமைக்கு ஒருதடவை தெளிக்கவேண்டும்.

நம்பிக்கை 9: “முருங்கை வீட்டுக்கு ஆகாது.”

உண்மை: வாசலுக்கு முன்னால் ஆகாது என்பதில் நியாயம் உண்டு. கொப்பு எளிதில் முறியும். ஏறும் பிள்ளை விழும். மாரியில் மயிர்க்கொட்டி அடைஅடையாகத் தண்டில் ஒட்டும். அதற்குப் பேயைக் காரணம் சொல்லி, இலையும் பூவும் காயும் தரும் மரத்தை வளவிலிருந்தே விலக்கத் தேவையில்லை. நடமாட்டம் குறைந்த மூலையில் ஒரு தடியை ஊன்றி, ஆண்டுக்கொருதடவை கொப்பு வெட்டித் தாழ்வாக வளர்த்தால் எட்டிப் பறிக்கலாம்.

இந்த மாரிக்கு முன் தொடங்க நினைப்பவர்கள் முதலில் மண்வெட்டி வாங்க ஓடவேண்டாம். வெயில் விழும் இடத்தைக் குறியுங்கள். சருகை எரிப்பதை இன்றே நிறுத்திக் குவியுங்கள். அயலில் தண்டும் விதையும் வாழைக்குட்டியும் கேளுங்கள். ஐந்து பயிர்களோடு தொடங்குங்கள்; கையில் மிஞ்சும் காசில் ஒரு ஒட்டுமாங்கன்று வாங்குங்கள். மழை வந்தபின் பைகளிலும் சிரட்டைகளிலும் தேங்கும் நீரைக் கிழமைதோறும் கவிழ்த்துக் கொட்டுங்கள்; டெங்கு நுளம்பு பெருக அந்த நீரே போதும். ஐயம் வந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் கிணற்று நீரின் நைத்திரேற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்காமல் விடும் ஒவ்வொரு கிலோ யூரியாவும் உங்கள் பணப்பைக்கு மிச்சம். அயல் வீட்டுக் குழந்தையின் தண்ணீருக்கும் அது பாதுகாப்பு. நிலத்தடியில் வேலி கிடையாது.