டப்பாவில் வடியும் நுண்கணிதம்: கேள்வி-பதில்

கேள்வி: குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட்டில் நீர்மட்டம் ஏறுவதைப் பத்து விநாடிக்கு ஒருமுறை குறித்தேன். வரைபடம் நேர்கோடாக வராமல் போகப்போகப் படுத்துவிடுகிறது. அளந்தது தப்பா சார்?
- பதினோராம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: தப்பே இல்லை அம்மா, பயப்படாதே. பக்கெட் அடியில் குறுகி வாயில் அகன்றது. விநாடிக்கு ஒரே அளவு தண்ணீர் விழுந்தாலும் அகன்ற இடத்தில் மட்டம் மெதுவாகத்தான் ஏறும். கொள்ளளவு கூடும் வீதத்தை அந்த உயரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துப் பார், நீ அளந்ததே கிடைக்கும். ஒன்று மட்டும் கவனி: அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் குழாயைத் திறக்கக் கூடாது.

கேள்வி: இந்தச் சோதனைகளில் தண்ணீர் வீணாகாதா?
- ஒரு தந்தை, ராமநாதபுரம்

பதில்: டப்பாவில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடிக்கும்போது, ஓட்டைக்குக் கீழே பாத்திரம் வையுங்கள். அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றலாம்.

கேள்வி: நேரான சுவருள்ள டப்பா, அடியில் ஓட்டை, 20 செ.மீ. தண்ணீர். முழுதும் வடிய 4 நிமிடம். முதல் நிமிடத்தில் மட்டம் 8.8 செ.மீ. இறங்கியது. ‘முதல் நிமிட முடிவில் இறங்கும் வீதம் 8.8’ என்று எழுதினேன். டீச்சர் அடித்துவிட்டார்.
- பிளஸ் டூ மாணவன், தஞ்சாவூர்

பதில்: அடித்தது சரி. நீ எழுதியது அந்த நிமிடம் முழுவதற்குமான சராசரி. கேட்டதோ அறுபதாவது விநாடியில் என்ன வீதம் என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டே சூத்திரங்களை மனப்பாடம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. வகையிடல் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

உன் டப்பாவையே எடுத்துக்கொள். கணக்குப்படி 60ஆம் விநாடியில் மட்டம் 11.25 செ.மீ. அங்கிருந்து அடுத்த ஒரு நிமிடத்தின் சராசரி, நிமிடத்துக்கு 6.25 செ.மீ. அடுத்த அரை நிமிடத்தை மட்டும் எடுத்தால் 6.88. பத்து விநாடி எடுத்தால் 7.29. இடைவெளியைச் சுருக்கச் சுருக்க எண் 7.5-ஐ நெருங்குகிறது. 60ஆம் விநாடியின் வீதம் அந்த 7.5தான். அதை எந்தக் கருவியும் ஒரே பார்வையில் காட்டாது; சுருங்கும் இடைவெளிகள் வழியாகத்தான் அதை எட்ட முடியும். இதைக் கையால் ஒருமுறை செய்தவனுக்கு ‘எல்லை’ என்ற பாடம் பயமுறுத்தாது. வரைபடத்தாளில் அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து சாய்வை அளந்து பார், அதுவும் 7.5-க்குப் பக்கத்தில் வரும்.

இன்னொன்று. ‘இந்த நேரத்தில் மட்டம் எங்கே’ என்று ஓடிஓடிப் பார்க்காதே. டப்பாவில் ஸ்கேலை ஒட்டி, பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்து, போனில் வீடியோ எடு. பிறகு நிறுத்தி நிறுத்திப் படி.

கேள்வி: டாரிசெல்லி விதிப்படி என் டப்பா இரண்டரை நிமிடத்தில் காலியாக வேண்டும். நான்கு நிமிடம் ஆகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைக் குறைத்துப் போட்டால் விடை ஒத்துவருகிறது. போடலாமா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கூடாது! விடைக்காக இயற்கையைத் திருத்துவதா? 1644-இல் டாரிசெல்லி வெளியிட்ட விதி நீர் பாயும் வேகத்தைச் சொல்கிறது. ஓட்டையைத் தாண்டியதும் தாரை சுருங்குவதைக் குனிந்து பாருங்கள், கண்ணுக்கே தெரியும். மெல்லிய சுவரில் போட்ட வட்ட ஓட்டையில் நிஜப் பாய்வு கணக்கில் வருவதில் சுமார் 60 சதவீதம்தான். உங்கள் இரண்டரையை 0.6-ஆல் வகுங்கள். ஓட்டை விளிம்பில் பிசிறு இருந்தால் அதையும் சீவிவிடுங்கள். பாதி நேரத்தில் முக்கால்வாசித் தண்ணீர் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். போயிருந்தால் உங்கள் அளவுகளை நம்பலாம்.

கேள்வி: கடைசியில் தண்ணீர் சொட்டுச்சொட்டாக விழுகிறது. அந்த அளவுகளையும் வரைபடத்தில் சேர்க்கலாமா?
- ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். அங்கே பரப்பு இழுவிசை குறுக்கிடுகிறது, விதி பொருந்தாது. தாரை அறுந்த இடத்தோடு நிறுத்துங்கள்.