கைப்பிடி அவரை விதை

கோபர்கைரனே நவி மும்பையில் இருக்கிறது. அங்கே அடுக்குமாடி வீடுகள் அதிகம். தோட்டம் போட இடம் குறைவு. ஆனால் அவரை வளர்க்க ஒரு பழைய வாளி போதும். வெயில் படும் ஜன்னல் கம்பி போதும். கொடி பற்றி ஏறிவிடும்.

அவரையை மராத்தியில் 'வால்' என்பார்கள். தமிழில் கோழி அவரை, பட்டை அவரை, ஊதா அவரை என்று பல பெயர்கள் உண்டு. மொச்சையும் அவரை இனம்தான்.

ஒரு ரகத்தை யாரும் விதைக்காமல் விட்டால் என்ன ஆகும்? வைத்திருக்கும் விதை சில ஆண்டுகளில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பிறகு காசு கொடுத்தாலும் அந்த ரகம் கிடைக்காது.

விதைத் தாய்

மகாராஷ்டிர மாநிலத்தில் கோம்பாளணே என்ற சிறு கிராமம் உள்ளது. அது அகோலே வட்டத்தில் இருக்கிறது. அங்கே ராகிபாய் சோமா போபேரே என்ற பழங்குடிப் பெண் வாழ்கிறார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

அவருடைய பேரன் அடிக்கடி நோயில் படுத்தான். மருந்து அடித்த காய்கறிதான் காரணம் என்று அவர் நினைத்தார். அதனால் நாட்டு விதைகளைத் தேடிச் சேர்த்தார். அவற்றில் அவரை ரகங்கள் பல. விதை கேட்பவர்களுக்குக் கொடுத்தார். ஒரு நிபந்தனை வைத்தார். வாங்கியதைப் போல இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். இப்படி விதை பல வீடுகளுக்குப் பரவியது. மக்கள் அவரை 'விதைத் தாய்' என்று அழைத்தார்கள். 2020-ஆம் ஆண்டு அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

விதை எடுப்பது எப்படி?

1. ஆடி மாதத்தில் விதையுங்கள். மார்கழி, தை மாதங்களில் காய்க்கும்.
2. நோய் இல்லாத, நன்றாகக் காய்க்கும் கொடியைத் தேர்ந்தெடுங்கள்.
3. அதில் சில நல்ல காய்களைப் பறிக்காமல் விடுங்கள். அவை கொடியிலேயே காய்ந்து நெற்றாகட்டும்.
4. நெற்றை உரித்து விதையை உலர்த்துங்கள். பூச்சி அரித்ததை நீக்குங்கள்.
5. சாம்பல் கலந்து, ஈரம் புகாத புட்டியில் மூடி வையுங்கள்.
6. புட்டியின்மேல் ரகத்தின் பெயர், ஊர், மாதம், ஆண்டு எழுதி ஒட்டுங்கள்.

ஆறாவது வேலை மிக முக்கியம். பெயர் மறந்தால் விதையின் கதையும் மறந்துவிடும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். பாட்டிக்குத் தெரிந்த பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

மாற்றிக் கொள்ளுங்கள்

எல்லா விதையையும் ஒரே வீட்டில் வைப்பது ஆபத்து. எலி தின்னலாம். மழையில் நனையலாம். அடுத்த வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்தால் அங்கே பிழைத்திருக்கும். ஊருக்குப் போகிறவர் அங்கிருந்து ஒரு ரகம் கொண்டு வரலாம். மராத்திக்காரப் பக்கத்து வீட்டாரிடம் 'வால்' விதை கேட்டு வாங்கலாம். பதிலுக்கு நம் ஊர் அவரையைக் கொடுக்கலாம்.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி உழவர்கள் தங்கள் விளைச்சலில் விதை எடுக்கலாம், விதைக்கலாம், மாற்றிக் கொள்ளலாம், விற்கலாம். கம்பெனிப் பெயர் போட்டு விற்க மட்டும் அனுமதி இல்லை.

பேசுங்கள், எழுதுங்கள்

1. விதையை இரண்டு மடங்காகத் திருப்பிக் கேட்டது ஏன்?
2. உங்கள் ஊர் அவரை ரகங்களின் பெயர்களை எழுதுங்கள்.
3. அவற்றில் இன்று காணாமல் போனது எது?