பாலுக்கு ஆடு வளர்க்கலாமா?

கேள்வி: வீட்டுப் பால் தேவைக்கும் கொஞ்சம் விற்பனைக்கும் ஆடு வளர்க்க ஆசை. எப்படித் தொடங்குவது?
- வாசகி, பல்லடம்

பதில்: தலைச்சேரி ஆட்டில் தொடங்குங்கள். நம் வெயிலைத் தாங்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். நல்ல ஆடு தினம் ஒரு லிட்டருக்கு மேல் கறக்கும். கன்னியும் கொடியும் அருமையான இனங்கள்தான், ஆனால் அவை கறிக்கு.

முதலில் இரண்டு பெட்டைகள் போதும். ஒற்றை ஆடு துணையில்லாமல் கத்தி ஏங்கிப்போகும், அந்தப் பாவம் வேண்டாம். சந்தையில் வாங்காமல், வளர்ப்பவர் வீட்டுக்கே போய் உங்கள் கண்ணெதிரே கறக்கச் சொல்லுங்கள். கறந்ததும் மடி சுருங்கி மெத்தென்று இருக்க வேண்டும். கையில் கட்டி தட்டுப்பட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆடு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே வேலிமசாலும் அகத்தியும் நட்டுவிடுங்கள். தீவனத்தை முழுக்க விலைக்கு வாங்கினால் பாலில் காசு மிஞ்சாது.

ஆட்டுப்பால் வாடை அடிக்கும் என்பார்கள். பல வீடுகளில் அதற்குக் காரணம், கிடாவைக் கூடவே கட்டுவதும் கொட்டகை அழுக்கும்தான். இப்போதைக்குக் கிடா வேண்டாம். பெட்டை பருவத்துக்கு வரும்போது பக்கத்தில் இருக்கும் கிடாவோடு சேர்த்துக்கொள்ளலாம். சினை 5 மாதம். கடைசி 2 மாதம் கறக்காதீர்கள். பிறந்த குட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.