விடுதிப் பெண்களிடம் என்ன சொல்வாய்?

அன்புத் தங்கைக்கு,

அரசுப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த கையோடு, பார்வையற்ற மாணவியர் விடுதிக்கு வாரம் ஒருமுறை வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், அங்கே என்ன பேசுவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். உன் வெற்றிக்கதையைத்தான் முதலில் கேட்பார்கள். ஒருமுறை சொல். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டு அவர்களோடு பழகு.

பார்வையுள்ள பிள்ளைகள் பாதி வாழ்க்கையைக் கண்ணாலேயே கற்றுக்கொள்கிறார்கள். அம்மா சில்லறை எண்ணுவதும் அக்கா வேலைக்குக் கிளம்புவதும் யாரும் சொல்லித்தராமலே மனதில் ஏறிவிடும். பார்வையில்லாத நம் பிள்ளைகளுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்துக் காட்ட வேண்டும். நூறு ரூபாய்த் தாளுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நீ எதை எப்படி மடித்து வைக்கிறாய் என்று அவர்கள் விரல்களுக்குக் காட்டு. குழம்பு தாளிப்பதை, வகுப்பை அடக்குவதைச் சொல். மாதவிடாய் நாட்களை எப்படிச் சமாளிக்கிறாய் என்பதையும் கூச்சப்படாமல் சொல். அதைக் கேட்க அந்தப் பெண்களில் பலருக்கு வேறு ஆளே கிடையாது.

இப்படி ஒருவர் கூடவே இருந்து வளர்த்துவிடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் நியூவெல் பெரி என்று ஒருவர் இருந்தார். பார்வையற்றவர், 1901-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பார்வையில்லை என்பதால் எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு வேலை தரவில்லை. 1912-இல், தான் படித்த பெர்க்லி பார்வையற்றோர் பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களை விடாமல் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் வளர்த்துவிட்ட ஜேக்கபஸ் டென்புரூக் பேராசிரியரானார். 1940-இல் அமெரிக்கப் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார். டென்புரூக்கிடம் தேறியவர் கென்னத் ஜெர்னிகன். ஜெர்னிகனின் மாணவர் மார்க் மாரர் 1986-இல் அந்த அமைப்பின் தலைவரானார். வேலை மறுக்கப்பட்ட ஒரு கணக்கு வாத்தியாரிடமிருந்து கிளைத்த பரம்பரை இது. எனக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை வேறில்லை.

பார்வையற்றவரான சென்னையின் பெனோ செஃபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்ததைக் கட்டாயம் சொல். கூடவே 1993-ஐயும் சொல். பார்வையற்றோர் பிரெய்லிலோ, சொல்வதை எழுதித்தருபவரின் துணையோடோ குடிமைப் பணித் தேர்வு எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டு அது. வழக்குத் தொடுத்தது பார்வையற்றோரின் அமைப்புதான். இதைச் சொல்லாவிட்டால், அபூர்வத் திறமை இருந்தால் மட்டுமே தேறலாம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பெரிய பதவிக்காரர்களை மட்டும் அழைத்து வராதே. வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் அக்கா, இசை ஆசிரியர், மின்சார ரயிலில் வியாபாரம் செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அண்ணன், எல்லோரும் வரட்டும். இவர்களில் யாரோ ஒருவரில்தான் ஒரு பெண் தன்னைக் காண்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நேரத்தில் நீயும் அங்கே இரு. பார்வையில்லாமல் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணை அவர்களில் பலர் சந்தித்ததே இல்லை. மகளைப் பற்றி அவர்கள் அழுதால் அழட்டும். பேசி முடித்ததும் வெள்ளைக்கோலை எடுத்துக்கொண்டு, துணைக்கு யாரையும் கூப்பிடாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நட. அவர்கள் பார்க்கட்டும்.

பத்தாம் வகுப்பு முடிக்கும் பெண்களில் கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் யார் என்று விசாரி. பதினொன்றில் அவர்களை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவதற்குள், கணிதம் படித்த பார்வையற்ற ஒருவரோடு அவர்கள் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த சிலர் இருக்கிறார்கள். பெயர்களைக் கேட்டு எழுது, நானே பேசி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா