வெறுமை என்னும் பிணியும் வாழத்தக்க வாழ்வும்

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என மனவைத்தியர் கூறும் பிணியை இப்பாடத்தில் ஆராய்வோம். 1938ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் அடால்ப் ஸ்டெர்ன் இத்தகைய நோயாளரை எல்லையில் நிற்பவர் எனக் குறித்தார். சித்தப்பிரமைக்கும் எளிய மனநோய்க்கும் இடைப்பட்டது என்ற அக்கருத்து இன்று மாறிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்பிணியுற்றார் சிறு சொல்லுக்கும் தீப்பட்டாற்போல் துடிப்பர். காலையில் போற்றியவரை மாலையில் தூற்றுவர். கைவிடப்படுவோமோ என்னும் அச்சம் அவரைவிட்டு அகலாது. தம் உடலுக்குத் தாமே ஊறு செய்துகொள்வாரும் உண்டு. உள்ளே ஓயாத வெறுமை. இதனை வீட்டார் நடிப்பென்பர், அயலார் பேயென்பர்.

நூற்பாலையில் பல்லாண்டு இழை பிணைத்த நமக்கு ஒன்று தெரியும். இழை அடிக்கடி அறுமாயின் பஞ்சையும் பார்க்கவேண்டும், கூடத்துக் காற்றின் ஈரத்தையும் பார்க்கவேண்டும். இழையை வைது பயனில்லை. மார்ஷா லினஹன் என்னும் அம்மையார் இப்பிணிக்குக் கூறிய காரணமும் இவ்வாறே இரண்டு: பிறவியிலேயே மெல்லிய உள்ளம், அவ்வுள்ளம் படும் துன்பத்தைப் பொய்யென்று தள்ளும் சூழல்.

இவ்வம்மையார் 1961இல், தமது 17ஆம் வயதில், அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகர மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டாண்டுக்கு மேல் அங்கிருந்தவர். அதனை 2011இல் தாமே வெளியிட்டார். ஜென் பௌத்த மடத்தில் பயின்று, உள்ளதை உள்ளவாறு ஏற்பதையும், மாறவேண்டியதை மாற்றுவதையும் ஒரே வைத்தியத்தில் இணைத்தார். இதற்கு டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்று பெயர். வாரந்தோறும் வைத்தியருடன் தனித்த உரையாடல், குழுவாகப் பயிற்சி, இடையில் நெருக்கடி வந்தால் தொலைபேசியில் துணை. நாம் நற்கடைப்பிடி என்பதே அப்பயிற்சியின் முதற்படி. துன்பம் பொறுத்தல், உணர்ச்சியை ஆளுதல், பிறரோடு பழகுதல் ஆகியனவும் கற்பிக்கப்படும்.

பழவங்காடி வகுப்பில் ஒரு தாயார், “ஐயா, என் மகளுக்குத் தியானம் ஒன்றே போதுமன்றோ? வைத்தியர் எதற்கு?” என வினவினார். “போதாது அம்மா” என்றோம். கண்மூடி நெடுநேரம் அமர்வது இவர்களுட் பலருக்குத் தாங்கவொண்ணாதது. அதனாலன்றோ லினஹன் அதனைச் சிறுசிறு பயிற்சிகளாகப் பிரித்தார்! மேலும், அப்பெண் கூறும் வெறுமையைக் கேட்டு, “அதுவே அநாத்மம், நீ முன்னேறிவிட்டாய்” என்று நம்மவர் சிலர் சொல்லக்கூடும். இது கொடிய பிழை. தம்மம் கூறும் வெறுமை பற்றறுந்த அமைதி. இதுவோ பற்றிக்கொள்ள ஏதுமின்றித் தவிக்கும் வேதனை. இரண்டையும் ஒன்றாக்குவோர் நோயாளியைக் கிணற்றோரம் நிறுத்துகிறார்கள்.

இனி, வைத்தியத்தின் பயன். 1991இல் வெளியான லினஹனின் முதல் ஆய்வில், ஓராண்டுச் சிகிச்சையால் தற்காயங்கள் குறைந்தன. மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைந்தன. ஆயினும் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும், வழக்கமான சிகிச்சை பெற்றோரினின்று வேறுபாடு காணப்படவில்லை. பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் 290 நோயாளரைப் பத்தாண்டு தொடர்ந்து கண்டு 2010இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. நூற்றுக்கு 93 பேருக்கு நோய்க்குறிகள் இரண்டாண்டேனும் தணிந்திருந்தன. ஆனால் அதனுடன் நிலையான தொழிலும் நல்லுறவும் பெற்றுத் தேறியோர் பாதிப்பேரே.

காயம் ஆறிய பின்னும் வாழ்வு வெறுமையாய் இருப்பின் யாருக்கு என்ன பயன்? வேலை தருவதும், திருவிழாவுக்கு அழைப்பதும், வீட்டில் “உனக்கு வலிக்கிறது, தெரிகிறது” என்று ஒரு சொல் சொல்வதும் வைத்தியர் கையில் இல்லை. நம் கையில் உள்ளன. அதற்காக அடம் யாவற்றுக்கும் இணங்கவேண்டும் என்பதல்ல. வலியை ஏற்பது வேறு, செயலை ஏற்பது வேறு.

இப்பிணியையே தீர்க்கும் தனி மருந்து இல்லை. உடன்வரும் சோர்வு முதலியவற்றிற்கே மாத்திரை தரப்படும். எனினும் வைத்தியரைக் கேளாது நிறுத்தலாகாது. தற்கொலைக்கு முயன்றவரைக் காவலர் பிடிப்பர் என அஞ்சி மறைப்பாரும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொண்டு தண்டனையினின்று காக்கிறது. திருவனந்தபுரத்தார்க்கு ஊளம்பாறை மனநல மையமும் மருத்துவக் கல்லூரி மனநோய்ப் பிரிவும் உள்ளன. இரவானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.